ஜெராய் அடிவாரத்தில் கேட்ட வானொலிகள்

கெடா மாநிலத்தின் சுங்கை லாலாங்கில் ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வானொலி நிலையங்களின் ஏற்ற இறக்கம் பற்றிப் பேசச் சொன்னார்கள். கோலாலம்பூரில் இன்றைக்கு எந்த நிலையம் முதலிடம் என்பது உங்களுக்குத் தெரிந்த செய்திதான். அந்தந்த நிலையமே நாளுக்கு நாலு தடவை சொல்லிவிடுகிறது. நான் அதைப் பட்டியல் போட வரவில்லை. நம் ரப்பர்த் தோட்டங்களில், பீடோங்கில் தொடங்கி கோல கெட்டில், பாடாங் செராய் வரைக்கும், ஒரு தலைமுறைக் காலம் தமிழுக்கென்று இருந்தது ஒரே வானொலி. இன்று ஒரே வீட்டில் தாத்தா ஒன்று கேட்கிறார், அம்மா சமையலறையில் வேறொன்று கேட்கிறார், அப்பா காரில் இன்னொன்று, பிள்ளை காதில் எதையோ மாட்டிக்கொண்டிருக்கிறது. அது வானொலிதானா என்பதே நமக்குத் தெரியாது. இந்த மாற்றம் எப்படி வந்தது?

பாட்டு நன்றாக இருந்தது, அறிவிப்பாளர் நன்றாகப் பேசினார், அதனால் அந்த நிலையம் வென்றது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மக்கள் எங்கே வேலை செய்கிறார்கள், எங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது மாறும்போதெல்லாம் வானொலியின் செல்வாக்கும் கை மாறியிருக்கிறது. கேட்கிறவன் இடம் மாறினான். கூடவே போன நிலையம் வென்றது. போகாத நிலையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பின்தங்கியது. இதைத்தான் இன்றைக்கு உங்கள் முன் வைக்கப்போகிறேன். இதில் கெடா எங்கே நிற்கிறது என்பதையும் பேசியாக வேண்டும்.

ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூரில் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பு. அதற்கு முன்பு ஜப்பான்காரன் காலத்தில் சிற்றலை கேட்பதே குற்றமாக இருந்தது. பெட்டிகளைப் பதிவு செய்து சிற்றலைப் பகுதியை அடைத்துவிட்டார்கள். அப்படியும் நேதாஜியின் குரலை ஒளிந்து கேட்டவர்களும் உண்டு, ஊரறியக் கேட்டவர்களும் உண்டு. போர் முடிந்த பிறகு தோட்டத்தில் வானொலிப் பெட்டி இருந்த இடங்கள் துரை பங்களா, பெரிய கிராணி வீடு, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வீடு. பால் வெட்டுகிறவர் வீட்டில் ஏது? பெட்டியின் விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் குடியிருந்த லயத்தில் மின்சாரமே இல்லை.

லயத்துக்கு வானொலியைக் கொண்டுவந்தது அவசர காலம். 1948-இல் தொடங்கி 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரம் மக்கள் காதில் விழ வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் விரும்பியது. 1950-இல் அதற்கான தகவல் பிரிவுக்குத் தலைமை தாங்கி நடத்த வந்தவர் ஹியூ கிரீன். பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநராகவே ஆனவர். தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பேட்டரியில் ஓடும் பொதுப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. சாயங்காலம் ஜனங்கள் கூடுவார்கள். அரசாங்கம் பேச நினைத்ததைப் பேசியது. ஜனங்கள் அதையும் கேட்டார்கள், அதற்கு முன்னும் பின்னும் வந்த பாட்டையும் கேட்டார்கள். அவர்கள் காத்திருந்தது பாட்டுக்குத்தான். முதல் தமிழ் வானொலி நேயர் கூட்டம் இப்படித்தான் உருவானது. அது ஒரு கூட்டம் என்பதைக் கவனியுங்கள். தனித்தனி வீடு இல்லை. கோயில் திடலில் ஒரு பெட்டி, அதைச் சுற்றி ஒரு தோட்டமே.

அதே காலத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு நகரங்களில் ரெடிஃபியூஷன் என்ற கம்பி வானொலி இருந்தது. மாதச் சந்தா கட்டினால் வீட்டுக்குக் கம்பி இழுத்து ஒலிபெருக்கி வைத்துவிட்டுப் போவார்கள். நகரத்துக் கடைகளில் அது நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தது. அந்தக் கம்பி நம் ரப்பர் காட்டுக்குள் வரவில்லை. நகரத்தில் எது பிரபலம், தோட்டத்தில் எது பிரபலம் என்பது அன்றைக்கே இரண்டு வேறு கணக்கு.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. அறுபதுகளில் அது மலிந்தபோது, நம் ஜனங்களின் வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்றாக அது இருந்தது என்றே சொல்வேன். நாலு பேட்டரி போதும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்முன் அடுப்படியில் பாடும். மத்தியானம் பால் நிறுத்துவிட்டு வந்ததும் பாடும். ஒட்டுப்பால் வாளிக்குப் பக்கத்தில் காட்டிலும் பாடும். ரேடியோ மலாயாவின் தலைமையகம் 1959 ஜனவரியில் கோலாலம்பூருக்கு மாறியது. 1963-இல் மலேசியா பிறந்தபோது அது ரேடியோ மலேசியா ஆனது. தமிழுக்குச் சிவப்பு அலைவரிசை என்று பெயர். பிறகு ரேடியோ ஆறு. இந்த வட்டாரப் பெரியவர்கள் இன்னும் 'ரேடியோ ஆறு' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த நிலையத்தின் செல்வாக்குக்குப் போட்டியே கிடையாது. போட்டி இல்லாததால் வந்த செல்வாக்கு என்று சிலர் தள்ளிவிடுவார்கள். நான் அப்படித் தள்ளமாட்டேன். அதற்கு ஒரு காரணம் அஞ்சலட்டை.

நேயர் விருப்பத்துக்கு அனுப்பிய அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். மேலே தோட்டத்தின் பெயர், கீழே டிவிஷன். அப்புறம் படத்தின் பெயர், பாட்டின் முதல் சொற்கள், பாடியவர் பெயர். அதற்குக் கீழே இடம் இருக்கிற வரைக்கும் விரும்பிக் கேட்பவர்களின் பெயர்கள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, சின்னம்மா, பக்கத்து வீட்டு அக்கா, அவர் தொட்டில் பிள்ளை. இடம் போதாமல் ஓரத்தில் எழுத்தைக் குறுக்கி, அட்டையைத் திருப்பிப் பிடித்துப் படிக்க வேண்டியது போல இன்னும் இரண்டு பெயர். பாட்டு எப்போது வேண்டுமானாலும் கேட்கக் கிடைக்கும். தங்கள் தோட்டத்தின் பெயர் கோலாலம்பூரில் இருந்து ஒலிப்பது எப்போதாவதுதான். ஹார்வர்ட் தோட்டம் பீடோங் என்று அறிவிப்பாளர் வாசித்தால், அந்தத் தோட்டம் நாட்டின் வரைபடத்தில் ஏறியது போல. பட்டணத்தில் இருக்கிற மகன் கேட்டான், கல்யாணமாகிப் பேராக்குக்குப் போன மகள் கேட்டாள். தொலைபேசி இல்லாத காலத்தில் நாங்கள் எல்லாரும் நலமாக இருக்கிறோம் என்ற சேதியும் அந்தப் பெயர் வரிசைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

இன்னொரு காரணம், அந்த நிலையத்தின் உள்ளே நம் ஆட்கள் இருந்தார்கள். ரெ. கார்த்திகேசு அவர்களை இந்த ஊரில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1940-இல் இந்தப் பீடோங்கில் பிறந்த பிள்ளை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றி, 1976-இல் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொதுமக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியராக உயர்ந்தவர். வானத்து வேலிகள், அந்திம காலம் போன்ற நாவல்களை எழுதியவர். 2016-இல் மறைந்தார். தோட்டத்தில் பிறந்தவர் ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருந்தார் என்பது சின்ன விஷயம் இல்லை. அந்தக் காலத்து வானொலி நாடகத்தில் வந்த கங்காணியும் தண்டலும் ஏன் நிஜமாகப் பேசினார்கள் என்றால், அதை எழுதியவர்களில் பலர் லயத்தில் வளர்ந்தவர்கள். ஆசிரியர்கள் எழுதினார்கள், கிராணிகள் எழுதினார்கள். மலேசியத் தமிழ் எழுத்துக்கு நாளிதழ்களின் ஞாயிறு மலர் ஒரு பள்ளிக்கூடம் என்றால், வானொலி நாடகம் அதன் இன்னொரு வகுப்பறை. இதைப் பற்றி வேண்டிய அளவு யாரும் எழுதவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

போட்டி வந்தபோது இந்தச் செல்வாக்கு எப்படிச் சரிந்தது என்பதைச் சொல்வதற்கு முன், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். நம் கதைக்கு அது அண்ணன் முறை.

சென்னையில் மாநகராட்சி 1930-லேயே ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில், திருச்சி நிலையம் 1939 மே மாதத்தில். தரமான நிலையங்கள். பெரிய வித்துவான்கள் எல்லாரும் அங்கே பாடினார்கள். 1952-இல் பி.வி. கேஸ்கர் என்பவர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சாஸ்திரிய சங்கீதத்தில் உண்மையான பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பினார். அதை வெகுவாகக் குறைத்தார். படத் தயாரிப்பாளர்களோடு தகராறும் முற்றி, அரசாங்க வானொலியில் சினிமாப் பாட்டு ஏறத்தாழ இல்லாமலே போனது. மக்கள் என்ன செய்தார்கள்? சங்கீதம் கற்றுக்கொண்டார்களா? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1950-இல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பு, இந்தியில் வட இந்தியாவையும் தமிழில் தமிழ்நாட்டையும் பிடித்துக்கொண்டது. மயில்வாகனம், பின்னால் வந்த கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இராமேசுவரத்தில் இருந்து சென்னை வரை வீட்டுக் குரல்களாயின. கடைசியில் இந்திய அரசாங்கம் இறங்கி வந்தது. 1957 அக்டோபரில், சினிமாப் பாட்டுக்கும் இடம் கொடுத்த விவித் பாரதி தொடங்கியது. போன நேயர்களைத் திரும்பக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் ஆனது.

கேஸ்கரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நல்லதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் உழைத்துக் களைத்து வந்தவன் பெட்டியைத் திறக்கும்போது அவனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. வானொலி வரலாற்றில் இந்த ஒரு தவறு மறுபடியும் மறுபடியும் நடந்திருக்கிறது.

இனி நம் ஊர். எழுபதுகளில் இருந்து தோட்டங்கள் உடைந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டது. லயத்தில் இருந்தவர்கள் சுங்கை பட்டாணியின் தாமான் வீடமைப்புகளுக்கும், மலிவு வீடுகளுக்கும், சிலர் புறம்போக்கு நிலத்துக்கும் போனார்கள். பிள்ளைகள் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்கும், 1990-களில் கூலிம் ஹைடெக் பூங்காவுக்கும், பாலம் தாண்டிப் பினாங்குக்கும் வேலைக்குப் போனார்கள். பெரட்டுக்குப் பதில் ஷிப்ட் வந்தது. காலை ஆறு மணிக்குத் தாமான் முனையில் தொழிற்சாலை பஸ். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போதும் அதே பஸ். வானொலி கேட்கும் இடம் அடுப்படியில் இருந்து பஸ்ஸுக்கும் மோட்டார் வண்டிக்கும் மாறியது.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. புக்கிட் காயு ஹீத்தாமில் இருந்து ஜொகூர் பாரு வரை ஒரே சாலை. அதே ஆண்டு, அந்த நெடுஞ்சாலைப் பயணிகளை மனத்தில் வைத்து டைம் ஹைவே ரேடியோ என்ற தனியார் நிலையம் தொடங்கியது. டி.எச்.ஆர். என்று சுருக்கமாகச் சொன்னார்கள். பின்னால் அது அஸ்ட்ரோ குழுமத்தின் கைக்கு வந்து, மேற்குக் கரையில் தமிழுக்கு ராகா என்றும் கிழக்குக் கரையில் மலாய்க்குக் கெகார் என்றும் பிரிந்தது. தமிழ் ராகா பிறந்த இடம் நெடுஞ்சாலை என்பதை யோசித்துப் பாருங்கள். தோட்டத்தை விட்டுக் கிளம்பிய ஜனங்கள் எந்தச் சாலையில் போனார்களோ, அந்தச் சாலைக்கென்று தொடங்கிய நிலையம்.

இதில் தொழில்நுட்பத்துக்கும் பங்குண்டு. பழைய சிற்றலையும் மத்திய அலையும் இரவில் வெகுதூரம் போகும். ஆனால் இரைச்சலோடு வரும். பண்பலை அப்படி இல்லை. அது கண்ணுக்கு எட்டிய தூரம்தான் போகும், ஆனால் தெளிவாகப் போகும். அதனால் உயரமான இடம் வேண்டும். நமக்கு அதற்கென்றே இயற்கை வைத்தது போல ஜெராய் மலை நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1,217 மீட்டர். பண்டைக் கடாரத்துக்கு வந்த கப்பல்காரர்களுக்குக் கரையைக் காட்டிய மலை. இன்று அதன் உச்சியில் இருக்கும் கோபுரங்களில் இருந்து பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றுக்கும் ஒலி இறங்குகிறது. சுங்கை லாலாங்கில் இருக்கிற நாம் அந்த மலையைப் பார்த்தபடிதான் வளர்ந்தோம். இரைச்சல் இல்லாமல் பாட்டுக் கேட்கலாம் என்றான பிறகு, இரைச்சலோடு கேட்கப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை.

இருந்தாலும், ராகா வென்றது ஒலித் தெளிவினால் மட்டும் இல்லை. அரசாங்க நிலையமும் பண்பலைக்கு வந்துவிட்டது. 2005-இல் ரேடியோ ஆறு மின்னல் எஃப்.எம். என்று பெயரும் மாற்றிக்கொண்டது. ராகாவுக்கு வெற்றி தந்தது பேச்சு. தொழிற்சாலை பஸ்ஸில் பெண் பிள்ளைகள் எப்படிப் பேசிக்கொண்டார்களோ, அந்தப் பேச்சை அது காற்றில் விட்டது. சிரிப்பு, கிண்டல், மலாயும் ஆங்கிலமும் கலந்த தமிழ். நேயர் தொலைபேசியில் கூப்பிட்டால் அறிவிப்பாளர் அண்ணன் தங்கை மாதிரி உரிமையோடு பேசினார். பழைய நிலையத்தில் அறிவிப்பாளர் ஆசிரியர் ஸ்தானத்தில் இருந்தார். அவருக்கு முன் நாம் கை கட்டி நின்றோம். பன்னிரண்டு மணி நேரம் சர்க்கியூட் பலகை பார்த்துக் கண் எரிந்து வந்த பெண்ணுக்கு இன்னொரு ஆசிரியர் தேவைப்படவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு தோழி தேவைப்பட்டாள். இதைத் தமிழைக் கெடுத்த கதையாக மட்டும் சொல்கிற நண்பர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். அந்தப் பெண்ணின் களைப்பையும் சேர்த்து மதிக்கச் சொல்கிறேன்.

நம் உள்ளூர்ப் பாடகர்களுக்கு இந்தப் போட்டி நல்லது செய்தது. யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் வல்லவன் தொகுப்பை வெளியிட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். இங்கே பிறந்த தமிழ் ராப் பாட்டு தமிழ்நாட்டு இளைஞர்கள் வாயிலும் புகுந்தது. அடுத்த ஆண்டே யோகி பி பொல்லாதவன் படத்தில் குரல் கொடுத்தார். பாட்டு எப்போதும் அங்கே இருந்து இங்கே வந்துகொண்டிருந்த பாதையில், ஒரு தடவையாவது இங்கே இருந்து அங்கே போனது.

சென்னையில் இதே போட்டி வேறு விதமாக நடந்தது. 2003-இல் சூரியன் எஃப்.எம்., ரேடியோ மிர்ச்சி ஆகிய தனியார் நிலையங்கள் அங்கே வந்தன. மூன்று நான்கு ஆண்டுகளில் ஹலோ எஃப்.எம்., பிக் எஃப்.எம். என்று கூட்டம் பெருகியது. இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் தங்கள் சொந்தச் செய்தியை ஒலிபரப்ப அனுமதி இல்லை. அதனால் எல்லா நிலையத்துக்கும் கையில் இருந்த சரக்கு ஒன்றுதான்: புதுப்படப் பாட்டு. வெள்ளிக்கிழமை வெளியான படத்தின் பாட்டை எல்லாரும் போடும்போது, யார் கலகலப்பாகப் பேசுகிறார் என்பதில்தான் போட்டி. இன்று இவர், நாளை அவர் என்று முதலிடம் கை மாறும். ஒரு பெரிய நகரத்துக்கு ஏழெட்டு நிலையம் இருந்தும், முள்ளை எங்கே திருப்பினாலும் ஒரே பாட்டு. நமக்கு இருப்பது இரண்டே பெரிய தமிழ் நிலையங்கள். ஆனாலும் இரண்டுக்கும் முகம் வேறு. ஒன்றில் மணிக்கு மணி செய்தியும் பழைய பாட்டும் இலக்கியமும் கொஞ்சம் கிடைக்கிறது. இன்னொன்றில் இன்றைய பேச்சும் இன்றைய பாட்டும். இந்த விஷயத்தில் நாம் சென்னைக்காரர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள்.

இப்போது முதலிடம் என்ற சொல்லுக்கு வருகிறேன். யார் எண்ணுகிறார்கள்? எப்படி எண்ணுகிறார்கள்?

நம் நாட்டில் 2016 முதல் இந்தக் கணக்கெடுப்பை ஜி.எஃப்.கே. என்ற நிறுவனம் எடுத்து நடத்தியது. அதற்கு முன் நீல்சன். தீபகற்ப மலேசியாவில் பத்து வயதுக்கு மேற்பட்ட 6,000 பேரைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் கையில் நாட்குறிப்பைக் கொடுத்து, எந்த நேரம் எந்த நிலையம் கேட்டார்கள் என்று குறிக்கச் சொல்வது அதன் முறை. காகிதத்திலும் குறிக்கலாம், தொலைபேசியிலும் குறிக்கலாம். முறையில் குற்றமில்லை, உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மனக்கணக்காக ஒன்று போட்டுப் பாருங்கள். தீபகற்பத்தில் இந்தியர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவு. அந்த விகிதப்படியே எடுத்தாலும் 6,000 பேரில் தமிழ் நிலையம் கேட்கக்கூடியவர்கள் ஐந்நூறைத் தொடமாட்டார்கள். அதில் கெடாவின் பங்கு முப்பது நாற்பது பேர். அந்த முப்பது நாற்பதில் இன்னமும் தோட்டத்தில் இருப்பவர் எத்தனை பேர்? அவர் எழுபது வயது அம்மாவாக இருந்தால், நாட்குறிப்பில் கட்டம் கட்டமாகக் குறித்து வைப்பாரா?

இன்னொன்று, முதலிடத்தை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். வாரத்தில் ஒரு தடவையாவது கேட்டவர் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. கேட்டவர் எத்தனை மணி நேரம் கேட்டார் என்பது இன்னொரு கணக்கு. பத்துப் பேர் வேலைக்குப் போகும் வழியில் இருபது நிமிஷம் ஒரு நிலையத்தைக் கேட்கிறார்கள். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி காலையில் திறந்த வானொலியை ராத்திரி சாமி கும்பிட்டுவிட்டுத்தான் நிறுத்துகிறார். முதல் கணக்கில் பாட்டி ஒரே ஒரு தலை. இரண்டாம் கணக்கில் அந்தப் பத்துப் பேரையும் அவர் தாண்டிவிடுவார். விளம்பரம் கொடுக்கிறவருக்கு அந்தப் பத்துப் பேர்தான் வேண்டும். அவர்கள் சம்பளக்காரர்கள், பொருள் வாங்குவார்கள். பாட்டி எதை வாங்கப்போகிறார்? ஆகவே பாட்டிக்கான நிகழ்ச்சி குறையும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. வருமானம் போகும் வழி அது. அரசாங்க வானொலி என்று ஒன்று நமக்குத் தேவைப்படுவதே இந்த இடத்தில்தான். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிலையம் அந்தப் பாட்டியையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

கெடாவில் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். நமக்கு வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் சீருடை போட்டுத் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள். அரசாங்க ஊழியர் அலுவலகத்தில் இருக்கிறார். கோலாலம்பூரில் இருந்து வருகிற வானொலியோ அன்றைக்குத்தான் விடுமுறைக் கொண்டாட்டம் நடத்துகிறது. குடும்பமாக உட்கார்ந்து கேட்க வேண்டிய நிகழ்ச்சி, குடும்பம் வீட்டில் இல்லாத நாளில் வருகிறது. நம் விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகம் போகிறவர்களுக்கான போக்குவரத்து நெரிசல் செய்தி வருகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் எத்தனை கிலோமீட்டர் நெரிசல் என்பதை சுங்கை லாலாங்கில் உட்கார்ந்து நாம் கேட்கிறோம். மூடா ஆறு பெருகிக் கரையோரக் கம்பத்தில் தண்ணீர் ஏறும் நாளிலும் நாம் முதலில் கேட்பது கூட்டரசு நெடுஞ்சாலையைத்தான். இது எனக்குக் கோபம் தருகிற விஷயம், மறைக்கவில்லை. அலோர் ஸ்டாரில் இருந்து ஒலிக்கும் கெடா எஃப்.எம். இந்த மாநிலத்து மலாய்க்காரர்களோடு கெடா மலாயில் பேசுகிறது. அவர்கள் மீன் விலையும் நெல் அறுவடையும் அதில் வருகின்றன. நாளுக்கு ஒரு மணி நேரமாவது அப்படித் தமிழில் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

கைத்தொலைபேசி வந்த பிறகு இந்தத் தூரமெல்லாம் அழிந்துவிட்டதே என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆர்.டி.எம். கிளிக்கில் மின்னல் வருகிறது. சியோக் செயலியில் ராகா வருகிறது. முன்பு ஜொகூர்க்காரர்கள் மட்டுமே பிடித்த சிங்கப்பூர் ஒலி 96.8 இன்று பீடோங் ஒட்டுக்கடையில் பாடுகிறது. சென்னை, கொழும்பு, டொரோண்டோ எதுவும் தூரமில்லை. இன்னும் பலர் வானொலியை விட்டுவிட்டு யூடியூப்பிலேயே பாட்டுக் கேட்கிறார்கள். ஆனால் ஒன்றைப் பாருங்கள். டொரோண்டோவின் தமிழ் வானொலி சுங்கை லாலாங்கில் கேட்கிறது. சுங்கை லாலாங்கின் குரல் எங்கே கேட்கிறது? கேட்கும் வழிகள் நூறாகப் பெருகின. நாம் பேசும் வழி அந்த அஞ்சலட்டைக் காலத்தைவிடச் சுருங்கிவிட்டது. அன்றைக்கு ஒரு தோட்டத்தின் பெயர் எப்போதாவதேனும் காற்றில் வந்தது. பாதித் தோட்டங்களின் பெயரே இப்போது தாமான் பெயர்களுக்கு அடியில் புதைந்துபோயிற்று.

வானொலிக்கு இனி ஆயுள் இல்லை என்ற பேச்சை நான் நம்பவில்லை. தொலைக்காட்சி 1963 டிசம்பரில் இந்த நாட்டுக்கு வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். கேசட் வந்தபோதும் சொன்னார்கள். கையும் கண்ணும் வேலையில் இருக்கிற மனிதனுக்குக் காது மட்டும் சும்மா இருக்கிறது. அந்தக் காதுக்கு ஏதாவது வேண்டும். லாரி ஓட்டுகிறவர், தையல் தைக்கிறவர், ஆயிரம் பேருக்கு இடியாப்பம் பிழிகிற அக்கா, இவர்கள் இருக்கிற வரை ஏதோ ஒரு பெயரில் வானொலி இருக்கும். எந்த நிலையம் என்பது மாறும்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் இரண்டு காரியம் செய்துவிட்டுப் போகலாம் என்று ஏற்பாட்டாளர்களோடு பேசியிருக்கிறேன்.

ஒன்று, கடிதம். மின்னலுக்கும் ராகாவுக்கும், இரண்டுக்குமே. கெடா நேயர்களுக்கு வெள்ளி சனியில் ஒரு நிகழ்ச்சி, வட மாநிலங்களுக்கென்று ஒரு செய்தித் தொகுப்பு, ஆண்டுக்கு ஒரு நாடகப் போட்டி. நாடகப் போட்டி என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த வட்டாரத்தில் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. சீ. முத்துசாமி, கே. பாலமுருகன், லுனாஸ் மண்ணில் வளர்ந்த ம. நவீன் என்று தமிழ்நாடு வரை பெயர் தெரிந்தவர்களே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு ஒரு மேடை வேண்டும். தொழிற்சாலை பஸ் பற்றி, தாமானில் பக்கத்து வீட்டுப் பெயர் தெரியாமல் வாழ்வது பற்றி, ஷிப்ட் மாறி மாறிச் சந்தித்துக்கொள்ளாத கணவன் மனைவி பற்றி ஒரு வானொலி நாடகம் வந்தால் அதை யார் கேட்கமாட்டார்கள்?

இரண்டாவது, ஒலிநாடா. எழுபது எண்பதுகளில் வானொலியில் இருந்து கேசட்டில் பதிவு செய்து வைத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும். மகள் கல்யாணத்துக்கு ஒலிபரப்பான வாழ்த்து, ஏதோ ஒரு நாடகத்தின் கடைசிப் பாகம், தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி. நம் ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் தயவுசெய்து பழைய பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், பிளேயரும் கெட்டுப்போகும். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். அதன் காந்தம் பதிவை அழிக்கும். உறையில் போட்டு, மேலே தோட்டத்தின் பெயரையும் நினைவிருக்கும் ஆண்டையும் எழுதிக் கொண்டுவாருங்கள். சுத்தம் செய்து, கணினியில் ஏற்றி, நாடாவை உங்களிடமே திருப்பித் தருவதற்கு நம் இளைஞர்கள் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாடா இல்லாதவர்கள், அனுப்பிய அஞ்சலட்டையில் யார் யார் பெயரை எழுதினீர்கள் என்பது நினைவிருந்தால் அதைச் சொல்லுங்கள். அதையும் பதிவு செய்வோம்.

வாசலில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் முதல் பக்கத்தில், நாடா வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தில். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அம்மா, மூன்றாவது வரிசையில் நீங்கள் முதலில் கை தூக்கினீர்கள், கேளுங்கள்.